சூளும் சின்னமும்: ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக மரபுகள்

தமிழ் கற்றோர்க்கு ஆக்ஸ்போர்டு என்னும் பெயர் போப்பையர் வாயிலாக நெடுங்காலம் அறிமுகமானது. அவர்தம் நாலடியார் மொழிபெயர்ப்பு 1893-ஆம் ஆண்டிலும், திருவாசக மொழிபெயர்ப்பு 1900-ஆம் ஆண்டிலும் அந் நகரத்துக் கிளாரண்டன் அச்சகத்திலிருந்தே வெளிவந்தன. எனினும், அவர் தமிழ் கற்பித்த அப் பல்கலைக்கழகம் தனக்கெனக் கொண்டுள்ள சின்னங்களும் சடங்குகளும் எங்ஙனம் தோன்றின, எவற்றால் நிலைபெற்றன, எவற்றால் கழிந்தன என்பனபற்றித் தமிழில் விரிவாக ஆராய்ந்தார் மிகச் சிலரே. தொல்காப்பியர் மரபியலில் அந்தணர்க்கும் அரசர்க்கும் உரிய அடையாளப் பொருள்களைத் தனித்தனியே வகுத்துரைக்கின்றார். ஒரு பொருள் இவர்க்கு உரியது என்று கூறுமிடத்து, அது பிறர்க்கு உரியதன்று என்பதும் உடன் பெறப்படும். பல்கலைக்கழகச் சின்னங்களையும் இந் நோக்கில் காணுதல் வேண்டும் என்பது எம் கருத்து. அவை வெறும் அணிகலன்கள் அல்ல. யார் உள்ளிருப்போர், யார் புறத்திருப்போர் என்பதை வரையறுத்த எல்லைக்கற்கள்.

முதற்கண் சொல்லொன்றைத் தெளிவாக்கிக்கொள்ளல் நலம். ‘பல்கலைக்கழகம்’ என நாம் வழங்கும் தொடர், கலைகள் பல பயிலும் இடம் என்னும் பொருளைத் தருவது. ஆனால் இலத்தீனில் ‘யூனிவர்சிதாஸ்’ என்னும் சொல் இடைக்காலத்தில் கலைகளின் பன்மையைக் குறித்ததன்று. ஒரு தொழிலோர் அனைவரும் சட்டத்தின் முன் ஓருருவாய் நிற்கும் குழுவையே அது குறித்தது. வணிகர்க்கும் கைவினைஞர்க்கும் அச் சொல் வழங்கிற்று. நம் கல்வெட்டுக்களில் காணும் மணிக்கிராமத்தார், ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்களை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். ஆகவே, நம் தொடரில் ‘பல்கலை’ என்பதைவிடக் ‘கழகம்’ என்பதே மூலப்பொருளுக்கு அணியது. குழு என்று ஒன்று அமையின் அதற்கு முத்திரை வேண்டும். அதனுட் புகுவோர் சூளுரைத்தல் வேண்டும். முத்திரையினும் சூளே வலிமை மிக்கது என்பதை மேல்வரும் செய்திகள் காட்டும்.

இலச்சினைபற்றிச் சுருங்கக் கூறலாம். நீலநிறக் களத்தில் விரித்து வைத்த நூல் ஒன்று. அதன் ஓரத்தே ஏழு முத்திரைகள். சூழ மூன்று பொன்முடிகள். நூலின் பக்கங்களில், இறைவனையே தன் ஒளியாகக் கொள்வதாகப் பொருள்படும் இலத்தீன் தொடர் எழுதப்பட்டுள்ளது. இது விவிலியத்துத் திருப்பாடல் ஒன்றின் தொடக்கம். இத் தொடர் பல்கலைக்கழகத்தோடு உடன்பிறந்தது எனப் பலர் கருதுவர். அஃது அன்று. வேறு தொடர்களும் அந் நூற்பக்கத்தில் முன்னர் எழுதப்பட்டிருந்தன. இது பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் நிலைபெறத் தொடங்கிற்று. பழமையே வடிவானது என நாம் எண்ணும் இலச்சினையிலும் எழுத்து மாறியிருக்கின்றது.

பல்கலைக்கழகம் ஒரு குழுவாக உருப்பெற்றமைக்கு ஒரு கொலையே காரணமாயிற்று. ஆக்ஸ்போர்டில் கற்பித்தல் 1096-ஆம் ஆண்டளவிலேயே நிகழ்ந்தமைக்குச் சான்று உண்டு. 1167-ஆம் ஆண்டையொட்டி இரண்டாம் ஹென்றி மன்னன் ஆங்கில மாணவரைப் பாரிசுக்குச் செல்லாதவாறு தடுத்தபின் அங்கு மாணவர் தொகை பெருகிற்று. 1209-இல் அந் நகரத்துப் பெண்ணொருத்தி கொல்லப்பட்டாள். பழி ஒரு மாணவன்மீது விழுந்தது. அவன் ஓடிவிட்டமையால் அவனோடு உறைந்த மாணவர் சிலரைப் பிடித்து நகரத்தார் தூக்கிலிட்டனர். ஆசிரியரும் மாணவரும் நகரைத் துறந்து பிரிந்தனர். அவருட் சிலர் சென்று தங்கிய ஊர் கேம்பிரிட்ஜ். இன்றைய கேம்பிரிட்ஜுப் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் அதுவே.

1214-இல் போப்பாண்டவரின் தூதர் முன்னின்று வழக்கைத் தீர்த்தார். தூக்கிலிட்டோர் வெறுங்காலராய்க் கல்லறைக்குச் செல்லல் வேண்டும். மாணவர் விடுதிகளின் வாடகை பத்தாண்டுகள் பாதியாகக் குறைதல் வேண்டும். நகரத்தார் ஏழை மாணவர்க்கென ஆண்டுதோறும் 52 ஷில்லிங் அளித்தல் வேண்டும். புனித நிக்கலசு திருநாளில் ஏழை மாணவர் நூற்றுவர்க்கு உணவிடல் வேண்டும். இப் பத்திரத்தில்தான் ‘வேந்தர்’ எனப்படும் தலைவர் பதவி முதன்முதற் குறிக்கப்படுகின்றது. இன்று பட்டமளிப்பு விழாவில் யாவரினும் முதன்மை பெறும் அப் பதவி, ஒரு தண்டத்தொகையை யார் பெற்று யார் பகிர்வது என்னும் ஏற்பாட்டினிடையே வரலாற்றில் தலைகாட்டுவது கருதத்தக்கது.

இனிச் சூளுக்கு வருவோம். முதுகலைப் பட்டம் பெறுவோர் உரைத்த சூள்களுள் ஒன்று மிக வியத்தற்குரியது. ‘ஹென்றி சிமியோனிஸ் என்பானோடு ஒருநாளும் இணக்கம் கொள்ளேன்’ என்னும் கருத்தமைந்தது அது. இந்த ஹென்றி யார்? பதினேழாம் நூற்றாண்டில் சூளுரைத்தவரைக் கேட்டிருப்பின் அவர் விடை கூறியிருக்கமாட்டார். பல்கலைக்கழக ஆவணக் காப்பாளராய் விளங்கிய பிரையன் ட்வைன் என்னும் பேரறிஞரே இதற்குப் பொருந்தாக் காரணம் ஒன்றைக் கூறிச் சென்றார். அந் நூற்றாண்டின் நடுவில், பொருளற்ற இச் சூளை நீக்கிவிடலாம் என்று முன்மொழியப்பட்டது. பேரவை இசையவில்லை. காரணம் தெரியாமையே அதனை நீக்குவதற்குத் தடையாயிற்று போலும்! யாதோ ஒரு பெருங்காரணம் இருந்திருத்தல் வேண்டும், அதனை அறியாத நாம் அதனைத் தொடலாகாது என்னும் எண்ணம் அது. காரணமறியாச் சடங்குகளைப் போற்றுவதில் நாமும் எவர்க்கும் இளைத்தவர் அல்லேம் ஆதலின், அவர்களை எள்ளுதற்கு நமக்கு உரிமையில்லை.

1912-ஆம் ஆண்டில்தான் ரெஜினால்டு லேன் பூல் என்னும் வரலாற்றாசிரியர், பழைய அரசாவணங்களைக்கொண்டு அம் மனிதனை இன்னான் என்று கண்டறிந்தார். ஹென்றி ஆக்ஸ்போர்டு நகரத்துச் செல்வன். 1242-இல் அவனும் வேறு சிலரும் மாணவனொருவனைக் கொன்ற குற்றத்திற்காக 80 பவுன் தண்டம் விதிக்கப்பட்டு நகரினின்றும் நீக்கப்பட்டனர். பல ஆண்டுகள் கழித்து, 1264-இல், மூன்றாம் ஹென்றி மன்னன் அவனை மன்னித்து, அவன் நகரில் அமைதியாய் வாழப் பல்கலைக்கழகம் இசைதல் வேண்டும் எனக் கட்டளை விடுத்தான். மன்னன் மன்னித்தான், கழகம் மன்னிக்கவில்லை. தன் மறுப்பை மன்னனுக்கு எதிராக வாயாற் கூற இயலாத கழகம், அதனைத் தன் சட்டத்திற் புகுத்திச் சூளாக்கி வைத்தது என உய்த்துணரலாம். கொன்றவனும் மாண்டான், மன்னித்தவனும் மாண்டான். சூள்மட்டும் 1827-ஆம் ஆண்டுவரை, ஐந்நூறு ஆண்டுகட்கு மேலாக, தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கப்பட்டது.

அதே 1827-இல் நீங்கிய பிறிதொரு சூள் ஸ்டாம்போர்டுபற்றியது. 1333-ஆம் ஆண்டளவில் ஆசிரியர் சிலர் ஆக்ஸ்போர்டைத் துறந்து ஸ்டாம்போர்டு என்னும் ஊரில் தனிக் கல்விக்கழகம் அமைக்க முயன்றனர். மூன்றாம் எட்வர்டு மன்னனின் ஆணையால் அம் முயற்சி முறியடிக்கப்பட்டது. பின்னர், ‘ஸ்டாம்போர்டில் கற்பியேன்’ எனச் சூளுரைத்தாலன்றிப் பட்டம் இல்லை என்றாயிற்று. இது போட்டியைத் தடுத்த வணிகத் தந்திரமே. கழகம் என்பது தொழிற்குழு என மேலே கூறியதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இவையனைத்தினும் கொடியது 1355-ஆம் ஆண்டுப் பிப்பிரவரி 10-ஆம் நாள், புனித ஸ்கொலாஸ்டிகா திருநாளன்று தொடங்கிய கலகம். நகர நடுவிலிருந்த மதுக்கடையொன்றில் தேறல் நன்றாயில்லை என மாணவர் இருவர் கடைக்காரனோடு சொல்லாடியதே அதன் தோற்றம். சொல் கைகலப்பாயிற்று, நகரத்துக் கோயில்மணியும் பல்கலைக்கழகக் கோயில்மணியும் மாறிமாறி ஒலித்து இரு சாராரையும் திரட்டின. சுற்றுப்புறச் சிற்றூரினரும் நகரத்தார்க்குத் துணையாய்ப் புகுந்தனர். அறுபதின்மர்க்கு மேற்பட்ட மாணவரும் முப்பதின்மர் அளவினரான நகரத்தாரும் மாண்டனர் எனக் கூறுவர். மன்னன் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றான். நகரின் சந்தை, நிறை, அளவு, உணவுப்பொருள் விலை ஆகியவற்றை மேற்பார்க்கும் உரிமைகள் பல்கலைக்கழகத்தின் கைக்கு மாறின. நகரத்தார்க்குக் கழுவாயும் விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் அந் நாளில் மேயரும் நகர அலுவலரும் குடிமக்கள் அறுபதின்மரும் புனித மேரி கோயிலுக்குச் சென்று வழிபட்டு, ஆளுக்கு ஒரு பென்னி காணிக்கை செலுத்துதல் வேண்டும் என்பது அது.

அறுபத்து மூன்று பென்னி என்பது பெருந்தொகையன்று. ஆயினும், அக் காணிக்கையைப் பெற்றவர்க்கு அது மரபு. செலுத்தியவர்க்கு அது மானக்கேடு. ஒரே சடங்கு இரு பக்கத்தினின்றும் இரு வேறாகத் தோன்றுவதை மரபுபற்றி எழுதுவோர் பெரும்பாலும் கருதுவதில்லை. எழுதுவோர் பெற்ற பக்கத்தைச் சார்ந்தோராய் இருத்தலே காரணம். நானூற்று எழுபது ஆண்டுகள் சென்றபின், 1825-இல் மேயர் ஒருவர் வர மறுத்தார். அத்துடன் சடங்கு ஓய்ந்தது. கலகத்தின் அறுநூறாம் ஆண்டான 1955-இல், பிப்பிரவரி 10-ஆம் நாளன்று, பல்கலைக்கழகம் மேயருக்குச் சிறப்புப் பட்டமும் நகரம் துணைவேந்தருக்கு நகரவுரிமையும் வழங்கி, இரு சாராரும் இணக்கத்தை வெளிப்படையாக அறிவித்தனர்.

காரணம் மறைந்தும் நின்ற சூள்களை இதுகாறும் கண்டோம். காரணம் உயிரோடிருத்தலால் நிற்பதும் ஒன்று உண்டு. 1602-இல் திறக்கப்பெற்ற போட்லி நூலகத்திற் படிக்க விழைவோர், நூலகப் பொருள்களுக்குத் தீங்கு செய்வதில்லை என்றும், உள்ளே தீயைக் கொணர்வதோ மூட்டுவதோ இல்லை என்றும் உறுதிமொழி கூறல் வேண்டும். இன்றும் புதிய படிப்பாளிகள் இதனை ஏற்கின்றனர். அந் நூலகத்து நூல்கள் இரவல் தரப்படுவதில்லை என்னும் விதியும் அத்தகையதே. 1645-இல் முதலாம் சார்லசு மன்னன் நூலொன்றை வேண்டியபோது நூலகர் விதியை எடுத்துக்காட்டி மறுத்தார். மன்னனும் அதற்கு அடங்கினான். ஏடுகள் தீக்கும் கரையானுக்கும் இரையான வரலாற்றை உடைய நமக்கு, ஆக்ஸ்போர்டின் மரபுகள் அனைத்தினும் இதுவே பொருளுடையதாய்த் தோன்றுவதில் வியப்பில்லை.

இனி, யாவர் கண்ணுக்கும் முதலிற் புலனாகும் சின்னமாகிய கருப்பு அங்கியைக் காண்போம். இடைக்கால மாணவர் அனைவரும் திருச்சபைச் சார்பினராகக் கருதப்பட்டனர். அவர் அணிந்த நீள் மேலாடையே பின்னர்ப் பல்கலைக்கழக அங்கியாயிற்று. குளிர்நாட்டில் சூடற்ற கூடங்களில் அமர்ந்திருந்தோர்க்கு அது தேவையும் ஆயிற்று. நாளடைவில் அதுவே படிநிலை காட்டும் கருவியாய் மாறியது. உயர்குடிப் பிறந்தார் தம் தொப்பியிற் பொற்குஞ்சம் அணிந்தனர். அப் பொற்குஞ்சத்தாரைச் சூழ்ந்து திரிந்து நலம் பெற முயன்றோரைக் ‘குஞ்ச வேட்டைக்காரர்’ என இகழும் வழக்குச்சொல் ஆங்கிலத்தில் உண்டாயிற்று. மறுகோடியில், பிற மாணவர்க்கு உணவு பரிமாறி ஏவல் செய்து அதனாற் கல்வி பெற்ற ஏழை மாணவர் இருந்தனர். அவர்க்கும் தனி உடை உண்டு. ஒருவன் தெருவில் வருகையிலேயே அவன் செல்வனா ஏவலனா என்பதை அங்கியும் குஞ்சமும் அறிவித்துவிடும். இவ் வேறுபாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறைந்தன. எனினும், படிப்புதவித் தகுதி பெற்றோர்க்கு நீள் அங்கியும் ஏனையோர்க்குக் குறும் அங்கியும் என்னும் வேறுபாடு அதன்பின்னும் தொடர்ந்தது.

பட்டமளிப்பு விழாவில் கண்காணிப்பாளர் இருவர் கூடத்தின் நடுவே மேலும் கீழும் நடப்பர். பட்டம் பெறுவோன்மீது முறையீடு உடையோர், கடன் கொடுத்து ஏமாந்த வணிகர் முதலாயினோர், அவர்தம் அங்கியைப் பற்றி இழுத்துத் தடை கூறலாம் என்பதே அந் நடையின் காரணம் என மரபு கூறும். தேர்வில் தோற்றலை ‘இழுபடுதல்’ என்னும் பொருள்படும் சொல்லால் ஆங்கில மாணவர் வழங்கியதும் இதனாலேயே என்பர். பட்டம் என்பது பல்கலைக்கழகமும் மாணவனும் மட்டும் கண்ட உடன்பாடு அன்று, ஊரார்க்கும் அதில் ஒரு சொல் உண்டு என்னும் நினைவு அந் நடையில் எஞ்சியுள்ளது. 1355-ஆம் ஆண்டுக்குப்பின் நகரத்தார்க்குக் கிடைத்த உரிமைகளுள் மதிக்கத்தக்கது இஃதொன்றே என எமக்குத் தோன்றுகின்றது.

அங்கியை நீக்குவதா என்னும் வினா மாணவரிடமே விடப்பட்டபோது கிடைத்த விடை பலர் எதிர்பாராதது. தேர்வெழுதுகையில் கருப்பு உடையும் அங்கியும் கட்டாயமாய் இருத்தல் வேண்டுமா என 2015-இல் மாணவர் வாக்களித்தனர். முக்கால் பங்கினருக்கு மேல் வேண்டும் என்றனர். அதற்கு முன்னர், 2012-இல், ஆடவர்க்கு ஒன்று பெண்டிர்க்கு ஒன்று என்றிருந்த உடை விதிகள் நீக்கப்பட்டு, எவரும் எவ்வுடையையும் தேர்ந்து அணியலாம் என்று ஆயிற்று. குஞ்சம் நீங்கி, பால்வேறுபாடும் நீங்கியபின், அங்கி அனைவரையும் ஒருநிறமாக்கும் உடையாயிற்று. அந் நிலையிலேதான் மாணவர் அதனை விரும்பிக் காத்தனர் என்பதை நினைத்தல் வேண்டும். நம் நாட்டு வெயிலில் அதனை அப்படியே மேற்கொண்டது வேறு கதை. விசுவபாரதியில் தாகூர் தொடங்கிய மரபின்வழிப் பட்டம் பெறுவோர்க்கு ஏழிலைப்பாலையின் இலைக்கொத்து வழங்கப்பட்டுவந்தது. 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு கைத்தறி உடையைப் பரிந்துரைத்தது.

உடையினும் இறுகிய எல்லையாய் நின்றது சமயச்சூள். 1581 முதல் ஆக்ஸ்போர்டிற் சேரும் மாணவன் இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளுக்கும் இசைந்து கையெழுத்திடல் வேண்டும் என விதிக்கப்பட்டது. கத்தோலிக்கர், யூதர், பிற சபைக் கிறித்தவர் யாவரும் இதனாற் புறந்தள்ளப்பட்டனர். இத் தடைக்கு மாற்றாகவே இலண்டனில் 1826-இல் சமயவினா எழுப்பாத கல்லூரியும், 1836-இல் பட்டயம் பெற்ற இலண்டன் பல்கலைக்கழகமும் தோன்றின. ஆக்ஸ்போர்டில் சேர்வதற்கும் இளங்கலைப் பட்டத்திற்கும் இருந்த சமயத்தடை 1854-இல் நீங்கிற்று. முதுகலைப் பட்டத்திற்கும் பதவிகளுக்கும் இருந்த தடை 1871-இல் இயற்றப்பட்ட சட்டத்தாலேயே நீங்கிற்று.

கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857-இல் நிறுவப்பட்டபோது இலண்டன் பல்கலைக்கழகமே மாதிரியாகக் கொள்ளப்பட்டது. நம் பட்டமளிப்பு விழாவின் அங்கியையும் ஊர்வலத்தையும் கண்டு, நம் பல்கலைக்கழகங்கள் ஆக்ஸ்போர்டின் வழித்தோன்றல்கள் எனச் சிலர் எழுதுவது வழக்கம். தோற்றத்தால் அங்ஙனம் கூறலாம். அமைப்பால் அவை ஆக்ஸ்போர்டின் கதவடைப்பிற்கு எதிராக எழுந்த கழகத்தின் வழிவந்தவை. சென்னையின் முதற் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தினின்றும் வந்த கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஆவர். கலித்தொகையை 1887-இல் அச்சேற்றி நமக்களித்த தாமோதரம்பிள்ளை சென்னையிற் பட்டம் பெற்ற காலத்தில், முப்பத்தொன்பது கோட்பாடுகளை ஏலாத ஒருவர் ஆக்ஸ்போர்டில் முதுகலைப் பட்டம் பெற இயலாது.

பெண்டிர்க்கும் இவ்வாறே. இலண்டன் பல்கலைக்கழகம் 1878-இல் பெண்டிர்க்குப் பட்டம் வழங்க இசைந்தது. 1883-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் காதம்பினி பாசு, சந்திரமுகி பாசு என்னும் இருவர் பட்டம் பெற்றனர். ஆக்ஸ்போர்டிலோ, 1879-இல் பெண்டிர்க்கு விடுதிகள் அமைந்தும், அவர்கள் விரிவுரை கேட்கலாம், தேர்வெழுதலாம், பட்டம் பெறுதல் மட்டும் கூடாது என்ற நிலை நாற்பதாண்டுகட்கு மேல் நீடித்தது. கேம்பிரிட்ஜ் இன்னும் பின்தங்கியது. 1897-இல் இவ் வினா வாக்கெடுப்புக்கு வந்தபோது, எதிர்த்த மாணவர் மிதிவண்டியில் அமர்ந்த பெண்ணுருவப் பொம்மையொன்றைத் தெருவின்மேல் தொங்கவிட்டனர். அங்குப் பெண்டிர்க்கு முழுவுரிமை 1948-இலேதான் கிட்டியது.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றுவிட்ட கொர்னேலியா சொராப்ஜி என்னும் பார்சிக் குடிவழி வந்த அம்மையார் 1889-இல் ஆக்ஸ்போர்டின் சாமர்வில் விடுதியிற் சேர்ந்தார். 1892-இல் சிறப்பிசைவு பெற்றுக் குடியியற் சட்டத் தேர்வை எழுதினார். அத் தேர்வெழுதிய முதற் பெண் அவரே. தேர்வில் தேறினார், பட்டமும் இல்லை, அங்கியும் இல்லை. தாயகம் திரும்பி, திரைக்குள் வாழ்ந்த பெண்டிரின் சொத்துரிமைகளுக்காக உழைத்தார். 1920-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் ஷெல்டோனியன் அரங்கில் பெண்டிர் முதன்முதற் பட்டம் பெற்றனர்; அவருள் பலர் தேர்வெழுதிப் பல்லாண்டுகள் கழிந்தவர்கள். அவர்களுக்கெனச் சதுரத் தொப்பிக்கு மாற்றாக மென்துணித் தொப்பி ஒன்று வகுக்கப்பட்டது. சொராப்ஜி தம் பட்டத்தைப் பெற்றது 1922-இல். தேர்வெழுதி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்க்கு அகவை ஐம்பத்தைந்து.